பத்திரிகை வச்சாச்சு

அண்ணனுடைய பட்டறைச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும். தினமும் ஒரு தாள் கிழிக்கிற வகை. தேதிக்கு மேலே நல்ல நேரமும் ராகு காலமும், கீழே பொடி எழுத்தில் ஒரு பழமொழியும் இருக்கும். அன்றன்றைக்குத் தாள் கிழிக்கிற வழக்கம் அண்ணனுக்குக் கிடையாது. யாராவது வந்து தேதி கேட்டால் பத்துப் பன்னிரண்டு நாளை ஒரே பிடியாகப் பிடித்துக் கிழிப்பான். பத்துப் பன்னிரண்டு பழமொழிகள் படிக்க ஆளில்லாமல் ரெக்சின் துண்டுகளோடு குப்பைக்குப் போகும். அவனுடைய கல்யாணத்துக்கு மூன்றே நாள் இருந்த ஒரு வியாழக்கிழமைக் காலையில் நான் பட்டறைக்குள் நுழைந்தபோது, நாள்காட்டி போன மாதத்துக் கடைசி வாரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. குனிந்து, ஓரத்தில் கிடந்த பழைய தையல் மிஷினுக்கு அடியில் கையை விட்டேன். மஞ்சள் பை ஒன்று தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால் அவ்வளவும் கல்யாணப் பத்திரிகை. அச்சகத்தில் கட்டிய சணல் கயிறுகூட அவிழ்க்கப்படாமல் இருந்தது.

நான் அங்கே தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் மாலை மும்பையில் செம்பூர் மார்க்கெட்டில் எங்கள் சித்தி ஒருத்தியைப் பார்த்தேன். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே, "ஒங்க அண்ணனுக்குக் கல்யாணமாமே. நாங்கல்லாம் ஒங்களுக்கு யாரோ எவரோதான?" என்றாள். பத்திரிகை வரவில்லையா என்று கேட்டேன். "எந்தப் பத்திரிக?" என்று கத்தரிக்காயைத் திரும்பப் போட்டுவிட்டு நடந்துவிட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் மூன்று வாரமாக எங்கள் அம்மா தினமும் காலையில் அண்ணனிடம் "பத்திரிக வச்சியாலே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனும் தினமும் "வச்சாச்சும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது பொய்யில்லை என்பது மஞ்சள் பையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வைத்துத்தான் இருந்தான், மிஷினுக்கு அடியில்.

அண்ணனைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை அவனுடையது. மிஷினில் உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் தலை நிமிர மாட்டான். உட்காருவதுதான் நடக்காது. ஜூனில் பள்ளி திறக்கும், அண்ணனுடைய பைகள் ஜூலையில் தயாராகும். இந்தியில் அவனுக்கு மிகவும் பிடித்த சொல் 'கல்'. நேற்றுக்கும் அதே சொல், நாளைக்கும் அதே சொல். "கல் கொடுத்துடறேன் பாய்" என்று வியாபாரியிடம் சொல்லுவான். வராத சரக்கைப் பற்றி மறுநாள் கேட்டால், "கல் சொன்னேன்ல?" என்பான். இப்படி ஒரு வசதி வேறெந்த மொழியிலும் கிடையாது என்று அவன் மும்பையைப் பாராட்டாத நாளில்லை.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு ஒரு மூட்டைச் சொலவடையும் கொண்டுவந்திருந்தாள். அதில் பாதி, காரியத்தைத் தள்ளிப் போடுகிறவர்களை ஏசுவதற்கென்றே உண்டானது. அண்ணன் படுக்கையை விட்டு எழுவதற்கு ஒன்று, குளிக்கக் கிளம்புவதற்கு ஒன்று, ரேஷன் கார்டில் பெயர் திருத்தப் போகாததற்கு மூன்று என்று நாள் முழுக்க வைத்திருப்பாள். எல்லாம் விதைப்பு, ஆற்று வெள்ளம், அறுவடை, மாடு கன்று பற்றியவை. அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னான்: "எம்மா, இதெல்லாம் வெவசாயத்துக்குல்லா. பை தைக்கிறவனுக்கு ஒண்ணு இருந்தாச் சொல்லு, கேக்கேன்." அம்மா மறுநாள் காலையில் ஊசியையும் நூலையும் வைத்துச் சொந்தமாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். எதுகை சரியாக விழவில்லை. அண்ணன் அதைச் சுட்டிக்காட்டினான். அன்று அவனுக்குக் காலைச் சாப்பாடு கிடையாது.

அண்ணன் பட்டறைக்கு வரும்வரை நான் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்ப்பது செம்பூரில் ஒரு கூரியர் ஆபீஸில். ஊர் பேர் தெரியாதவர்களின் கடிதத்தை ஒரே நாளில் கொண்டு சேர்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளின் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மூன்று வாரமாக நகரவில்லை. வந்தவன் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான், பிறகு நாள்காட்டியைப் பார்த்தான். "இன்னைக்கு என்ன தேதி ஏட்டி?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் தேதியைச் சொல்லவில்லை. அன்றுவரையிலான மொத்தத் தாளையும் கிழித்து அவன் கையில் கொடுத்தேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். எங்கள் உறவில் அது நடக்காது. தட்டில் பத்திரிகை, மேலே மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, வீட்டுக்கு வந்து கையில் கொடுக்க வேண்டும். போனில் வந்த பத்திரிகைக்குப் போனிலேயே மொய் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். அப்பா இல்லாததால் அம்மா பத்திரிகை வைக்கப் போகக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். ஆகவே கையில் கொடுத்தே தீரவேண்டிய நாற்பது வீடுகளும் அண்ணன் தலையில்தான். ஏன்டா வைக்கவில்லை என்று கேட்டேன். கட்டிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். 'தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும்' என்பதற்குக் கீழே எங்கள் பெரியப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது.

பெரியப்பா என்றால் அப்பாவுக்கு ஒரே அண்ணன். டிராம்பேயில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கோபர்கைரனேயில் பெரியம்மாவோடு இருந்தார். பிள்ளைகள் கிடையாது. அப்பா இறந்த மறுநாளிலிருந்து நான்கு வருடமாக எங்கள் வாசலை அவர் மிதிக்கவில்லை. அப்பா காலையில் போனார், மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியப்பாவுக்குச் செய்தி போகவில்லை. மறுநாள் வேறு யாரோ சொல்லி ஓடிவந்தவர் வாசலில் நின்று, "எந்தம்பி மொகத்த நான் பாக்க வேண்டாம்னு யாருக்குத் தோணிச்சு?" என்று கேட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார். பெரியப்பாவுக்கு நான் சொல்லுதேன் என்று பொறுப்பெடுத்தவன் அண்ணன்தான். அழுகையிலும் கூட்டத்திலும் மறந்துவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம். நானே அவனைப் பலமுறை குத்திக்காட்டியிருக்கிறேன்.

அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா பெயரில்தான் பத்திரிகை அடிக்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது, "நான் பேசிக்கிடுதேன்" என்று அண்ணன் தலையாட்டியிருந்தான். முதல் பத்திரிகையும் அவருக்குத்தான் வைக்க வேண்டும். அவருக்கு வைக்காமல் வேறு யாருக்கும் வைக்க முடியாது. அவரிடம் கேட்காமல் அச்சடித்த அவர் பெயரோடு, அவரிடம் போகத் தைரியம் இல்லாமல், மொத்தக் கட்டையும் மிஷினுக்கு அடியில் தள்ளியிருக்கிறான்.

"இப்பவே கெளம்பு" என்றேன்.

"கல்..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

தாராவியிலிருந்து கோபர்கைரனேக்கு ஒரு மனிதன் எத்தனை விதமாகத் தாமதிக்க முடியும் என்று அன்று பார்த்தேன். சயன் ஸ்டேஷனில் தலைவலி என்று டீ குடித்தான். குர்லாவில் வந்த வண்டியைக் கூட்டமாக இருக்கிறது என்று விட்டான், அடுத்து வந்ததைக் காலியாக இருக்கிறது, ஏதோ கோளாறு என்று விட்டான். வாஷியில் தட்டும் வெற்றிலை பாக்கும் பழமும் வாங்காமல் எப்படிப் போவது என்று ஆப்பிளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிப் பார்த்தான். பெரியப்பாவின் கட்டடத்துக்கு வந்து, மூன்றாம் மாடிக் கதவுக்கு முன் நின்றதும் குனிந்து காலில் எதையோ கட்ட ஆரம்பித்தான். போட்டிருந்தது செருப்பு. எதைக் கட்டினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் நிமிர்வதற்குள் நான் மணியை அழுத்திவிட்டேன்.

கதவைத் திறந்தவர் பெரியப்பா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, எங்கேயோ கிளம்புகிறவர்போல இருந்தார். எங்களைப் பார்த்தார். கோபப்படவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டார். உள்ளே போனால் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை சாய்த்து வைத்திருந்தது. எங்களுடையது இல்லை, பெண் வீட்டாருடையது. பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும் டிராம்பேயில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் போன மாதமே வந்து முறையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடக்க முடியாமல் சொன்னாள்: "பொண்ணு வீட்டுப் பத்திரிக வந்ததுலேர்ந்து தெனமும் சட்டய மாத்திக்கிட்டு ஒக்காந்திருக்காவ. எங்கயும் வெளிய போறதில்ல. கடைக்கும் நாந்தான் போறேன். புள்ளைக வந்துட்டு, வீடு பூட்டிக் கெடந்தா திரும்பிப் போயிருமாம்."

"நீ சும்மா இருளா" என்றார் பெரியப்பா.

அண்ணன் தட்டை எடுக்கவில்லை. மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே பேச ஆரம்பித்தான். அவன் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "பெரியப்பா, அன்னைக்கு நான் மறக்கல. ஒங்க நம்பரப் போட்டேன். மணி அடிக்கதுக்குள்ள கட் பண்ணிட்டேன். நாலஞ்சு தடவ போட்டேன். ஒங்ககிட்டச் சொல்லிட்டா அப்பா செத்தது நெசமாயிரும்னு இருந்துச்சு. இந்தா, இன்னும் செத்த நேரம், இன்னும் செத்த நேரம்னு இருந்துட்டேன். அங்க எல்லாரும் அப்பாவோட அண்ணன் எங்கன்னு கேட்டாவ. வந்துக்கிட்டு இருக்காவன்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன்."

நான்கு வருடமாக நாங்கள் அவனைச் சோம்பேறி, மறதிக்காரன் என்று ஏசியபோதெல்லாம் அவன் ஆமாம் ஆமாம் என்று சிரித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அம்மாவின் அத்தனை சொலவடைக்கும் அவன் எதிர்த்துப் பேசியிருக்கிறான். பெரியப்பாவுக்குச் செய்தி சொல்லாததைப் பற்றிச் சொன்னால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான்.

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சட்டையின் தோள்பட்டை ஏறி இறங்கியது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் மூக்கைச் சிந்திவிட்டு, மஞ்சள் பையைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. கயிற்றைப் பார்த்தார். "ஏல, ஒரு வீட்டுக்கும் வைக்கலையா?" என்றார். அண்ணன் தலையாட்டினான். "எத்தன வீடு?" நாற்பது என்றேன். "கல்யாணம் என்னைக்கு?" அவருக்குத் தெரியாததா? இருந்தாலும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. "ஏளா, என் செருப்ப எடு" என்றார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் பத்திரிகை வைப்பது வீட்டுக்கு வந்து அவமானப்படுத்துவதற்குச் சமம். முதல் வீட்டு வாசலிலேயே அது தெரிந்தது. அடுத்த தெருவில் இருந்த உறவுக்காரர் தட்டைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், "ஆள் கொறையுதுன்னு வந்தியளோ?" என்றார். அண்ணன் விழித்தான். பெரியப்பா நிதானமாக உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். "எம் மேலதான் தப்பு. முட்டு புடிச்சுக்கிட்டு எழும்ப முடியல. பெரியப்பா இல்லாம வைக்க மாட்டேன்னு பய ஒத்தக்கால்ல நின்னுட்டான்." உறவுக்காரரின் முகம் மாறியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அண்ணனைப் பார்த்தார். காபி வந்தது.

முட்டுவலி அந்த ஒரு வீட்டோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் செம்பூரில், மார்க்கெட்டில் என்னை உதறிவிட்டுப் போன சித்தி முட்டுவலிக்கெல்லாம் மசிகிறவளாகத் தெரியவில்லை. "முட்டுவலின்னா ஆட்டோவுல வரதுக்கென்ன?" என்று கேட்டாள். பெரியப்பா யோசிக்கவே இல்லை. "காச்சலும்லா சேந்துக்கிட்டு" என்றார். டிராம்பேயில் பழைய ஆலைக்காரர் ஒருவர் வீட்டில் அது டைபாய்டு ஆனது. ஆயுசு முழுக்கப் பொய் சொல்லாமல் வாழ்ந்த மனிதருக்கு அந்த மூன்று நாளில் எங்கிருந்து அவ்வளவு வந்தது என்று தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கிங்ஸ் சர்க்கிளில் அப்பாவின் சித்தப்பா மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் நெஞ்சுவலியும் வந்து ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்து, டாக்டர் கையை விரித்து, பெரியம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்ட பிறகு பிழைத்து வந்தவராக ஆகியிருந்தார். அந்த அத்தை வாய்விட்டு அழுதாள். ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்து, கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாரா என்று பக்கத்திலேயே நின்றாள். படியிறங்கும்போது, "போதும் பெரியப்பா, இதுக்கு மேல போனா ஒங்களுக்குக் காரியமே செஞ்சுருவாவ" என்றான் அண்ணன். "இன்னும் ரெண்டு வீடுதாம்ல இருக்கு" என்றார் அவர்.

இதன் பலன் கல்யாண மண்டபத்தில் தெரிந்தது. நாற்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள், ஒரு வீடு குறையவில்லை. ஆனால் யாரும் மணமேடைப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் பெரியப்பாவைச் சுற்றி நின்றார்கள். டிராம்பேக்காரர் இளநீர் வெட்டி எடுத்து வந்திருந்தார். சித்தி கஷாயம் கொண்டுவந்திருந்தாள். கிங்ஸ் சர்க்கிள் அத்தை, மேடையில் மாப்பிள்ளைக்கு வைத்திருந்த மின்விசிறியை ஆள் வைத்துத் தூக்கிவந்து பெரியப்பாவுக்கு நேராகத் திருப்பிவிட்டாள். ஹோமப் புகையில் அண்ணன் வியர்த்து ஒழுகினான். பெரியப்பாவின் பாடு அதைவிடக் கஷ்டம். ஒருவர் பார்க்கும்போது நொண்ட வேண்டும், இன்னொருவர் பார்க்கும்போது இரும வேண்டும், அத்தை திரும்பும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் சித்தியும் அத்தையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். காய்ச்சலா, நெஞ்சா என்று வாக்குவாதம் வந்தது. பெரியம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

தாலி கட்டும் நேரத்துக்கு அப்பாவின் இடத்தில் பெரியப்பா போய் நின்றார். அப்போது அவர் நொண்டவில்லை, இருமவில்லை. யாரும் அதைக் கவனிக்கவுமில்லை. அம்மா மட்டும் தூரத்தில் தூணோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் உட்கார்ந்தபோது புது மதினி அண்ணனிடம் மெதுவாகக் கேட்டதை நான் பரிமாறிக்கொண்டே கேட்டேன். "ஒங்க பெரியப்பாவுக்கு நெசமாவே என்ன செய்யுது?"

"நோவு என்னுது" என்றான் அண்ணன். "அவங்க பட்டுக்கிட்டு இருக்காங்க."

அண்ணன் அதற்குப் பிறகு திருந்திவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் மதினி இதைப் படிப்பாள். ரேஷன் கார்டில் பெயர் இன்னும் திருத்தப்படவில்லை. மதினியின் பெயரைச் சேர்ப்பதும் அந்த வரிசையில் இருக்கிறது. குளியலறைக் குழாய் ஒன்றரை வருடமாகத் துணி கட்டிய நிலையில் இருக்கிறது. இந்த வருடமும் ஜூன் மழையில் பிள்ளைகள் பழைய பையோடுதான் பள்ளிக்குப் போனார்கள். அண்ணனை ஏசுகிற வேலையை அம்மா மதினியிடம் ஒப்படைத்துவிட்டாள். மதினி செம்பூரில் பிறந்து வளர்ந்தவள், சொலவடை எதுவும் தெரியாது. நேரடியாகவே ஏசுகிறாள். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். வந்து, தம்பி மகனுக்கு ஆதரவாகப் பேசி, தானும் சேர்ந்து வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

ஆனால் ஒரு காரியத்தை அவன் தள்ளிப்போடாமல் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மதினிக்குப் பிரசவ வலி எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாள் அது. காலை பத்து மணி இருக்கும். அண்ணனும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது. நர்ஸ் கதவைப் பாதி திறந்து, "ஹோ கயா" என்று, பிறந்தாச்சு என்பதை மட்டும் இந்தியில் சொல்லிவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாள். நான் எழுந்து நிற்பதற்குள் அண்ணன் போனைக் காதில் வைத்திருந்தான்.

"பெரியப்பா, பொறந்துட்டு."

"என்ன பிள்ளல?" அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "இருங்க, கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றான்.

"அது தெரியாமயால போனு போட்ட?"

"ஆமா பெரியப்பா."

பெரியப்பா, "சரி, வச்சிராத. நானும் இங்கனயே நிக்கேன்" என்றார்.

கதவு மறுபடி திறக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், காதில் போனோடு, அங்கே ஒருவரும் இங்கே ஒருவருமாக நின்றுகொண்டிருந்தார்கள்.